ஐந்நூற்று எண்பத்தொன்பதில் ஒரு கோடு

அந்த மஞ்சக் கோடு இருக்கா இல்லையான்னு டிசம்பர் மாசம் பூரா யாரு கேட்டிருந்தாலும் நான் முழிச்சிருப்பேன். இருக்குன்னு நம்பி ஒறங்கப் போனா மறுநாள் காணாது. இல்லன்னு முடிவு பண்ணி லேப்டாப்ப மூடினா அடுத்த நாள் வந்து நெஞ்ச நிமித்திட்டு நிக்கும். சவம், ஒரு நெலையில நிக்கணுமே! முப்பத்தி நாலு வயசுல ஒரு கோட்டுக்குப் பின்னால இப்படிக் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்ச பொம்பள இந்த ஜில்லாவுல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எனக்க பேரு ஜினிஷா. நாகர்கோவில்ல ஒரு காலேஜுல பிசிக்ஸ் எடுக்கேன், கெஸ்ட் லெக்சரர். எட்டு வருஷமா பிஎச்டியும் பண்ணுதேன். வால்நட்சத்திரத்துல என்னென்ன பொருள் இருக்குன்னு கண்டுபிடிக்கதுதான் தலைப்பு. எங்க ஊரு மேலக்கல்விளை, மண்டைக்காடு போற ரோட்டுல எறங்கி உள்ள நடக்கணும். ஊருல எனக்குப் பேரு 'வாலுப் பிள்ள'. மினி பஸ் கண்டக்டர்கூட, "வாலு வந்திட்டுது, ரைட்டு போலாம்"னு விசிலடிப்பான். ஆளக் கொல்லவா முடியும்?

வால்நட்சத்திரத்துல என்ன இருக்குன்னு பாக்க அங்க போவாண்டாம். அதுக்க வெளிச்சத்த டெலஸ்கோப்புல பிடிச்சு, முடி கனத்துல ஒரு கீறல் வழியா விட்டு, கிரேட்டிங்குன்னு கோடு கீறின ஒரு கண்ணாடியில விரிச்சா, ஊதாவுல இருந்து செவப்பு வரைக்கும் ஒரு பட்டையா விழும். அந்தப் பட்டையில ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடம் உண்டு. கார்பன் பச்சையில வரும். சயனோஜன் ஊதா ஓரத்துல வரும். சோடியம், அதாவது நம்ம உப்புல உள்ளது, மஞ்சள்ல ஐந்நூற்று எண்பத்தொன்பது நானோமீட்டர்ல வரும். வடசேரி பஸ்ஸ்டாண்டுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்க கத இல்ல இது. அவங்கவங்க எடத்துலதான் அவங்கவங்க. அதனாலதான் எனக்கு இந்தப் பாடம் பிடிச்சுது. இதுல கொழப்பமே வராதுன்னு நெனச்சேன். எனக்க புத்தியச் செருப்பால அடிக்கணும்.

கார்பனும் சயனோஜனும் ஊரு ஒலகமே பாத்தாச்சு. 'நீ புதுசா என்னத்தக் கண்டே?'ன்னு கேட்டா எனக்குச் சொல்ல ஒண்ணும் கெடையாது. மூணு தடவ அவகாசம் நீட்டி வாங்கியாச்சு. ஜனவரி பத்தாந் தேதிக்குள்ள ஒரு பேப்பர் பத்திரிகையில ஏத்துக்கப்பட்டு, தீசிஸ் குடுத்திருக்கணும். இல்லன்னா பதிவு ரத்து. பிஎச்டி இல்லன்னா அடுத்த வருஷம் வேலைக்கு வரவேண்டாம்னு காலேஜுலயும் மொகத்துக்கு நேரச் சொல்லியாச்சு. எட்டு வருஷம்! வந்த ரெண்டு மாப்பிள்ளையையும் 'படிப்பு முடியட்டும்'னு திருப்பி அனுப்பின எட்டு வருஷம்.

அந்த நேரத்துலதான், டிசம்பர் மூணாந் தேதி, அது வந்திச்சு. டிப்பார்ட்மென்ட் டெலஸ்கோப்ப எழுதிக் குடுத்து வாங்கி எங்க வீட்டு மொட்ட மாடியில வச்சிருந்தேன், டவுண் வெளிச்சம் இங்க கெடையாதுன்னு. ஏழு மணி போல மேக்க பாத்தா, எங்க சபை ஆலயத்துக் கோபுரத்துக்குக் கொஞ்சம் மேல அந்த வால்நட்சத்திரம் நிக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டெலஸ்கோப்புக் கொழலுல பாத்தா ஒரு துண்டு பஞ்சு, அம்புட்டுதான். சூரியன்ல இருந்து நாம நிக்க தூரத்தப்போல ஒன்றரை மடங்கு தள்ளி அது நிக்குது. அவ்வளவு தள்ளி நிக்கும்போது சோடியம் தெரியப்பிடாது. சூரியன்கிட்டப் போய் நல்லா வெந்தாத்தான் அது வெளிய வரும். ஆனா எனக்க ஸ்கிரீன்ல, மஞ்சள்ல, நல்ல ஒசரமா ஒரு கோடு.

ஒடனே தாணுமாலயன் சாருக்கு அனுப்பினேன். அவருதான் எனக்க கைடு. ரிட்டயராக ஆறு மாசம் இருக்கு, நான் அவருக்க கடைசி ஸ்டூடன்ட். பத்து நிமிஷத்துல போன் வந்திட்டுது.

"பிள்ளே, வானத்தக் கழிச்சியா?"

"கழிச்சேன் சார்."

வானத்தக் கழிக்கதுன்னா ஒண்ணும் பெரிய வித்தையில்ல. நம்ம தலைக்கு மேல உள்ள வானத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. அதத் தனியா எடுத்து வால்நட்சத்திரத்துக்க பட்டையில இருந்து கழிச்சிரணும். வால்நட்சத்திரத்துக்க மூட்டம் எனக்க கீறல் முழுக்க நெறஞ்சு கெடந்ததால, கொழல வடக்க திருப்பி, தென்ன மரங்களுக்கு மேல வெறும் வானத்த எடுத்துக் கழிச்சேன். எட்டு வருஷமா அப்படித்தான் செய்யுதேன்.

"அப்போ சோடியமேதான்," என்னாரு சார். "இது மட்டும் நின்னுட்டுதுன்னா உனக்க தீசிஸ் பாசாவது மட்டுமில்ல பிள்ளே, நாலு பேரு தேடி வந்து படிப்பான்."

நான் படியில தாவி எறங்கி எங்கம்மையக் கெட்டிப் பிடிச்சேன். அம்மைக்குப் பேரு பூங்கனி. "என்னட்டி, வேல கெடைச்சுதா?"ன்னு கேட்டா. "வால்நட்சத்திரத்துல உப்பு இருக்கும்மா!" என்னேன். அம்மை கொஞ்ச நேரம் என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "நம்ம புத்தளம் உப்பளத்துல இல்லாத உப்பா?"ன்னு கேட்டுட்டு மீன் கழுவப் போயிட்டா.

அஞ்சாந் தேதி கோடு இல்ல. ஏழாந் தேதி இருந்திச்சு. ஒன்பதாந் தேதி லேசா மேகம் கெடந்திச்சு, வால்நட்சத்திரமே மங்கலு, ஆனா கோடு ரெண்டு மடங்கு ஒசரம்! பதினொண்ணாந் தேதி துப்புரவா இல்ல. மேகம் மறைச்சா எல்லாம் கொறையணும், இது என்ன எளவு கூடுது? கிரேட்டிங்கத் தொடச்சேன். கேமராவக் கழத்தி மாட்டினேன். காலேஜ் லேப்ல பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க சோடியம் லேம்ப வீட்டுக்குக் கொண்டு வந்து, அத வச்சுத்தான் அளவு சரிபாப்பேன், அதுக்க வெளிச்சம் எங்கயாவது ஒட்டிட்டு வருதான்னு அத அடுத்த அறையில கொண்டு பூட்டினேன். ஊரு முழுக்க நடந்து தெரு லைட்ட எண்ணிப் பாத்தேன். போன வருஷமே பஞ்சாயத்துல எல்லாத்தையும் எல்இடி ஆக்கியாச்சு. வீட்டு வீட்டுக்குத் தொங்குத கிறிஸ்மஸ் ஸ்டாரும் எல்இடிதான். ஐந்நூற்று அறுபத்தெட்டுல ஒரு சின்ன முண்டு வேற தெரிஞ்சுது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேந்த ஒண்ணு அந்தப் பக்கத்துல வரும், அதுதான்னு தள்ளி விட்டுட்டேன். தள்ளி விட்டேனே பாவி!

சாருக்குக் கொழப்பமே கெடையாது. "விட்டு விட்டு வெடிக்குது பிள்ளே. வெடிக்க அன்னைக்கு சோடியம் வருது, மத்த நாளு இல்ல. இது இன்னும் நல்லதாக்கும்." எனக்கும் அத நம்ப ஆசையா இருந்திச்சு. மூணு நாளு கணக்க வச்சு எட்டாந் தேதியே ஒரு கடிதம்போல பேப்பரு எழுதி அனுப்பியாச்சு. பதினஞ்சாந் தேதி பதிலும் வந்திட்டுது. பரிசோதிச்ச ஆளு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாரு: 'இந்தக் கோடு வால்நட்சத்திரத்துடையதுதான், உங்கள் ஊருடையது அல்ல என்று காட்டுங்கள்.' வாசிச்சதும் எனக்குச் சுள்ளுன்னு ஏறிச்சு. எங்க ஊர எங்கயோ இருக்கவனுக்கு என்ன தெரியும்?

மறுநாள் சாயங்காலம் எனக்க தம்பி டெனிஷ் மாடிக்கு வந்தான். அவன் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுதவன். கல்யாணம், அசன விருந்து, ஆலயப் பிரதிஷ்டை, எல்லாத்துக்கும் அவனுக்க வயருதான். இந்த வருஷம் ஆலயக் கோபுரத்துல கெட்டுத ஸ்டார அவன்தான் செஞ்சான். பதினெட்டு அடி, பின்னால நீளமா வாலு வச்சு, மஞ்சத் துணி போத்தினது. அவனுக்க கையில கறுப்பா, செங்கல்லு கனத்துல ஒரு சாமானம்.

"அக்கா, ஒனக்க டெஸ்டர ஒண்ணு தா. ஸ்டாருக்கச் சோக்கு ஒண்ணு போயிட்டு."

நான் டெஸ்டர எடுத்து நீட்டிட்டேன். நீட்டின கை அந்தரத்துலயே நின்னுட்டுது.

"எதுக்குலே சோக்கு? எல்இடிக்கு ஏது சோக்கு?"

"எல்இடியில அந்த மஞ்சளு வராதுக்கா. பஞ்சாயத்துல தெருவுல இருந்து கழத்திப் போட்ட பழைய சோடியம் லைட்டு கெடந்துதுல்லா, பழைய சாமானம் எடுக்க ஆக்கர்க்காரன்கிட்ட நாலு வாங்கி உள்ள கெட்டியிருக்கேன். ராத்திரி பாத்தியா, பொன்னு மாதிரி இருக்கும்!"

"என்னைக்குலே கெட்டினே?"

"ஒண்ணாந் தேதியில இருந்து எரியுதே. அஞ்சாந் தேதியும் பதினொண்ணாந் தேதியும் மட்டுந்தான் கரண்டு இல்ல."

எனக்க நோட்டுல அந்த ரெண்டு நாளுக்கும் நேர, 'மின்சாரம் இல்லை, பேட்டரியில் எடுத்தது'ன்னு எனக்க கையெழுத்துலயே எழுதியிருக்கு. அத வாசிச்சு வாசிச்சு வால்நட்சத்திரம் ஏன் வெடிக்கல்லன்னு யோசிச்சிருக்கேன் நான். அப்புறமும் பாருங்க, கொழலு மேக்க பாக்கும்போது கோபுரம் நேர கீழ. வானத்தக் கழிக்க வடக்க திருப்பினா தென்ன மரம் கோபுரத்த மறைச்சிரும். ஸ்டாருக்க வெளிச்சம் ஒண்ணுல இருக்கும், இன்னொண்ணுல இருக்காது. கழிச்சா கழியுமா? மேகம் கெடந்த அன்னைக்கு ஸ்டாருக்க வெளிச்சம் அதுல தட்டித் திரும்பினதாலதான் கோடு கூடிச்சு, ஐந்நூற்று அறுபத்தெட்டுல கண்ட முண்டும் அந்த லைட்டுக்கதுதான்.

"ஏலே சண்டாளா! ஒனக்கு வேற லைட்டே கெடைக்கல்லியா? எனக்கக் குடிய கெடுத்தியேலே!"

அவன் பயந்து போயி ரெண்டு படி எறங்கிட்டான். "என்னக்கா, நீதானே எப்பமும் வால்நட்சத்திரம் வால்நட்சத்திரம்னு கெடக்கே. எல்லா சபையிலயும் சும்மா அஞ்சு மூல ஸ்டாரு. நம்ம அக்காவுக்காவ வாலு வச்சுக் கெட்டுவோம்னு நான் கமிட்டியில சண்ட போட்டு..." நான் டெஸ்டரத் தூக்கி எறிஞ்சேன். அவன்மேல படல்ல, நல்ல காலம்.

அன்னைக்கே சாருக்கு போன் பண்ணிச் சொன்னேன். "ஸ்டார் வெளிச்சமும் கொஞ்சம் இருக்கலாம், வால்நட்சத்திரத்துலயும் இருக்கலாம். ரெண்டும் கலந்து கெடந்தா? ஊகம் வேண்டாம் பிள்ளே. அணைச்சுப் பாரு. அணைச்சும் கோடு நின்னுதுன்னா அத விடப் பெரிய சாட்சி வேண்டாம்." அதுவும் நியாயமாத்தான் பட்டுது. எனக்கு அந்த மாசத்துல யாரு சொன்னாலும் நியாயமாத்தான் பட்டுது.

பெறகு அஞ்சு நாளு மழ. ஒரு மேகம் வெலகல்ல. அந்த இடவேளையில நான் ஆலயக் கமிட்டிக்குப் போயி நின்னேன். செயலாளர் ஜெஸ்பின் அண்ணன் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டாரு. "கிறிஸ்மஸுக்கு அஞ்சு நாளு இருக்கு, ஸ்டார அணைக்கணுமா? பக்கத்து ஊருக்காரன் நம்ம சபைக்குக் கரண்டு கட்டுன்னு சிரிப்பான் பிள்ளே." போதகர் ஐயாதான் பொறுமையாக் கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன், சோடியம், கீறல், வடக்கு வானம். அவருக்கு எவ்வளவு புரிஞ்சுதோ தெரியாது. கடைசியில, "நீ சொல்லுதது, ஒனக்கு இருட்டு வேணும், அதானே மக்கா?"ன்னு கேட்டாரு. "ஆமா ஐயா." "ஞாயிற்றுக்கெழம ஏழு மணிக்கு கேரல் ஆராதன. அத ஏழரைக்குத் தள்ளி வைப்போம். அரை மணிக்கூறு போதுமா?"

அத்தோட விட்டிருக்கலாம். ஞாயிறு காலை ஆராதனையில அறிவிப்பு வாசிக்கும்போது அவரு மைக்குல சொல்லிட்டாரு: "நம்ம சபையின் மகள் ஜினிஷா, வானத்து வால்நட்சத்திரத்தில் உப்பு இருப்பதைக் கண்டிருக்கிறாள். அதை உறுதிப்படுத்த இன்று மாலை ஏழு முதல் ஏழரை வரை எல்லாரும் உங்கள் வீட்டு விளக்குகளையும் அணைத்து ஒத்துழைக்க வேண்டும்." எனக்குப் பெஞ்சுக்கடியில போயி ஒளியலாம்னு வந்திச்சு. ஸ்டார மட்டும் அணைச்சாப் போதும்னுதான் நான் கேட்டேன்! வெளிய வந்தா ஆளு ஆளுக்குக் கையப் பிடிச்சுக் குலுக்குதாங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லாரும் ஜெபிக்கதாச் சொன்னாங்க. மேலத் தெருவுல சைவப் பிள்ளைமாரு வீட்டு அன்னக்கிளி அக்கா, நாங்களும் அணைக்கோம்னு ஆளு சொல்லி அனுப்பினா. எங்கம்மை எனக்குப் பக்கத்துல கழுத்த நிமித்திட்டு நின்னா. எட்டு வருஷத்துல அம்மை எனக்க படிப்பப் பத்திக் கழுத்த நிமித்தி நான் பாத்ததில்ல.

சாயங்காலம் வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்திச்சு. ஏழு மணிக்கு டெனிஷ் கீழ மெயினப் பிடிச்சு எறக்கினான். கோபுரம் போச்சு. பைய ஒவ்வொரு வீடாப் போச்சு. கடைசியில சானல்கரை பக்கத்துல ஒரே ஒரு வீட்டுல டிவி வெளிச்சம், யாரோ போட்ட சத்தத்துல அதுவும் அணைஞ்சுது. எங்க ஊர நான் அப்படிப் பாத்ததேயில்ல. ஆலய முத்தத்துல இருநூறு பேரு கூடி நிக்காங்க, ஒரு சிரிப்புச் சத்தம், ஒரு பிள்ள அழுக, வேற ஒண்ணும் இல்ல.

கொழல வச்சேன். ஏழு நிமிஷம் வெளிச்சம் சேத்தேன். ஸ்கிரீன்ல பட்டை வந்திச்சு. பச்சையில கார்பன் அழகா நிக்குது. ஊதாவுல சயனோஜன் நிக்குது. மஞ்சள்ல ஒண்ணும் இல்ல.

நான் கண்ணக் கசக்கிப் பாத்தேன். இன்னொரு ஏழு நிமிஷம் எடுத்தேன். ஐந்நூற்று எண்பத்தொன்பதுல வெறும் தரை. அறுபத்தெட்டுல அந்த முண்டும் காணல்ல.

சாருக்கு போன் பண்ணினேன். "சார், இல்ல."

"கடைசியா எப்போ கோடு பாத்தே?"

"ஒன்பதாந் தேதி நல்லா இருந்திச்சு. பதினஞ்சாந் தேதியும் இருந்திச்சு."

"ஆறு நாளு ஆச்சு," என்னாரு. கொரல்ல ஒரு தெளிச்சல் வந்திட்டுது. "ஆறு நாள்ல அது சூரியன விட்டு இன்னும் தள்ளிப் போயிருக்கு. சோடியம் நின்னிருக்கும். வந்திச்சு, விட்டு விட்டு வெடிச்சுது, நின்னுது. கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு பிள்ளே! ஸ்டார அணைச்சு எடுத்ததையும் சேத்து எழுது, நாம நேர்மையா இருக்கோம்னு அவனுக்குத் தெரியும். நாளைக்குக் காலையில வா, எழுதி முடிச்சிருவோம்."

"சார், ஸ்டார்தான்னா?"

"ஸ்டார்தான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் விஷயம். எனக்குத் தெரியாது. அணைச்சதால போச்சா, தானாப் போச்சா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாளைக்கு ஸ்டார் எரியும்போது எடுத்து கோடு வந்தாலும், 'மறுபடி வெடிச்சுது'ன்னு எழுதிரலாம். வராட்டா, 'நின்னுபோச்சு'ன்னு எழுதிரலாம். எப்படி வந்தாலும் எழுதலாம். மாசம் பூரா என்னைய ஒறங்க விடாத இந்தக் கொழப்பம் இருக்கே, அது இப்போ எனக்கு ஒரு வாசலத் தொறந்து வச்சிட்டு நிக்குது. உள்ள போனா பட்டம், வேல, அம்மைக்க நிமிந்த கழுத்து. நான் பொய் சொல்லவே வேண்டாம். தெரியாததத் தெரியாம வச்சிருந்தாப் போதும்.

மணி ஏழு இருபது. வால்நட்சத்திரம் எறங்கிட்டு இருக்கு, இன்னும் இருபது நிமிஷம் கெடைக்கும். இதே வானம், இதே கொழலு, இதே அரை மணிக்கூறுல ஸ்டாரப் போட்டு எடுத்தாத் தெரிஞ்சிரும். இருபது நிமிஷத்துல வால்நட்சத்திரம் ஒண்ணும் மாறிராது. வந்தா ஸ்டார். வராட்டா எனக்க உப்பு உண்மை.

கை போன எடுக்கும், வைக்கும். எடுக்கும், வைக்கும். 'ஜினிஷா, கேக்காம இருந்தா யாருக்கும் தெரியாது'ன்னு எனக்குள்ள ஒருத்தி சொல்லுதா. 'எட்டு வருஷம்டி'ன்னும் அவளே சொல்லுதா. நான் அழுதிட்டேன். ஒத்தையில மாடியில நின்னு, மூக்க சிந்திட்டு, ஏங்கி ஏங்கி அழுதேன். பெறகு டெனிஷக் கூப்பிட்டேன்.

"ஸ்டாரப் போடுலே."

"அரை மணிக்கூறு ஆவல்லியே அக்கா? முடிஞ்சுதா? கெடைச்சுதா?"

"போடுன்னா போடுலே!"

சோடியம் லைட்டு சுவிட்சு போட்ட ஒடனே மஞ்சளாவாது. மொதல்ல வெளிறிப்போயி ஒரு நெறம், பெறகு பைய சூடேறி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் முழு மஞ்சளு வரும். அந்த அஞ்சு நிமிஷமும் நான் கோபுரத்தப் பாக்கல்ல, கொழலப் பிடிச்சிட்டு நின்னேன். ஸ்டார் நல்லா எரிஞ்சதும் முத்தத்துல இருந்து ஒரு ஆரவாரம் வந்திச்சு பாருங்க! கை தட்டுதாங்க, விசிலடிக்காங்க, யாரோ ஒருத்தர் ஓல வெடியக் கொளுத்திப் போட்டுட்டாரு. நேரத்துக்கு முன்னால ஸ்டாரப் போடச் சொன்னா கெடைச்சிட்டுதுன்னுதானே அர்த்தம்? வீட்டு வீட்டுக்கு லைட்டு வந்திச்சு. நான் ஏழு நிமிஷம் வெளிச்சம் சேத்தேன்.

பச்சையில கார்பன், அப்படியே. ஊதாவுல சயனோஜன், அப்படியே. மஞ்சள்ல கோடு. நல்ல ஒசரமா, மூணாந் தேதி பாத்த அதே கோடு. அறுபத்தெட்டுல முண்டு.

சாருக்கு அனுப்பிட்டு போன் பண்ணினேன். "சார், ஸ்டார்தான்."

சார் கேட்டாரு, "ஏன் பிள்ளே மறுபடி போடச் சொன்னே?"

கோவமாக் கேட்டிருந்தா நானும் கோவமாச் சொல்லியிருப்பேன். அவரு கோவப்படல்ல. நெசமாவே அவருக்குப் புரியல்ல. எனக்கும் புரியல்ல. "தெரியல்ல சார்," என்னேன். "சரி, வை," என்னாரு.

கீழ டெனிஷுக்க மைக்குல போதகர் ஐயா கொரல் கேக்குது. "நம் மகளுக்கு வெற்றியைத் தந்த தேவனுக்கு நன்றி செலுத்துவோம். எல்லாரும் கண்களை மூடி..." ஐயோ, இல்லாததுக்கு நன்றி சொல்லுதாங்களே! செருப்பு போடாம படியிறங்கி ஓடினேன். முத்தத்துல இருநூறு பேரும் தலைய குனிஞ்சு நிக்காங்க. நான் நடுவுல புகுந்து போயி ஐயாவுக்க கையத் தொட்டேன். அவரு கண்ணத் தொறந்து, சிரிச்சு, சாட்சி சொல்ல வந்திருக்கேன்னு நெனச்சு மைக்க எனக்க கையில தந்திட்டாரு.

"ஐயா, ஜெபத்த நிறுத்துங்க," என்னேன். "அதுல உப்பு இல்ல. அது நம்ம ஸ்டாருக்க வெளிச்சம். நான்தான் தப்பாப் பாத்திட்டேன்."

தலைகள் ஒவ்வொண்ணா நிமிந்துது. டெனிஷ் ஆம்பிளிபயருக்குப் பக்கத்துல நின்னவன் கோபுரத்தப் பாத்தான், என்னையப் பாத்தான், அப்படியே தரையில குத்த வச்சு ஒக்காந்திட்டான். "ஒனக்கத் தப்பு இல்லலே"ன்னு சொல்லணும்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அம்மை கூட்டத்தத் தள்ளிட்டு எனக்க முன்னால வந்திட்டா.

"அப்போ ஒனக்கப் படிப்பு மக்களே?"

"போச்சும்மா."

மைக்கு எனக்க கையிலதான் இருந்திச்சு. அத அணைக்க டெனிஷுக்குத் தோணல்ல. கோபுரத்து ஸ்பீக்கர்ல அது மேலத் தெரு வரைக்கும் கேட்டிருக்கு.